பதிவுப் புத்தகத்தில் மட்டும் நிற்கும் கார்

யாழ்ப்பாணத்தின் யுத்தகால வாழ்க்கையை எழுதுகிற எவரும் ஒஸ்ரின் காரை விட்டுவைப்பதில்லை. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத குடாநாட்டில், மண்ணெண்ணெயில் ஓடிய அந்தப் பழைய கார்களைப் பற்றிக் கதைகளிலும் கட்டுரைகளிலும் நிறைய வாசித்திருக்கிறோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது, பப்பாசிப் பழத்தையும் பனாட்டையும் கொண்டு பசியாறியது ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்து, அந்த மண்ணின் தளராத புத்திக்கு ஓர் அடையாளமாகிவிட்டது. நியாயமான பெருமைதான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. ஆனால் வாசித்து முடிக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி மனதில் வந்து நிற்கும். அந்தக் கார்கள் எல்லாம் யாருடையவை?

எல்லாம் எங்களுடையவை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை அவற்றை ஓட்டியவர்களுடையவையே. ஆனால் ஒன்று சோனகதெருவில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்றது. அதன் பதிவுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் என் வாப்பாவின் பெயர் இருக்கிறது. அந்த ஒரு காரின் கதை ஊடாக, வடக்கு முஸ்லிம்களின் இழப்புக் கணக்கில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒஸ்ரின் ஏ 40 சமர்செற். இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரருகே லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்ட வகை. 1200 சீ.சீ. எஞ்சின், ஏறத்தாழ 42 குதிரை வலு. கியர்த் தடி தரையில் இல்லை, ஸ்ரியறிங் தண்டோடு ஒட்டியிருக்கும். முன் ஆசனம் வாங்கு போல ஒரே நீளமானது என்பதால் முன்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். உருண்டு திரண்ட அதன் பின்புறத்தைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் 'வாத்து' என்பார்கள். வாப்பாவுக்கு அது பிடிக்காது. அவருக்கு அது எப்போதும் 'ஏ போட்டி'தான்.

அதன் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957இல்தான் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அதை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958இல் தார் பூசிய கதைகளும் பலரும் அறிந்தவை. எங்கள் கார் அதற்கு முந்தியது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் தப்பிய தகடு என்று வாப்பா பகிடியாகச் சொல்வார்.

ஒரு பழைய கார் அத்தனை காலம் ஓடியதற்கு யாழ்ப்பாணத்தாரின் சிக்கனம் மட்டுமே காரணமல்ல. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது. நாட்டில் இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உருவானார்கள். தடைக் காலத்தில் கைகொடுத்தது, அதற்கு முப்பது வருடங்களாகச் சேர்ந்திருந்த அந்த அறிவுதான்.

வாப்பா பெரியகடைப் பக்கம் சிறிய இரும்புக்கடை வைத்திருந்தார். 1969இல் அந்தக் காரை ஒரு தமிழ் வைத்தியரின் குடும்பத்திடம் வாங்கினார். அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே கார் அது. ஆனால் அது எங்களுக்கு மட்டும் ஓடியதில்லை. எங்கள் தெருவின் மாப்பிள்ளைமார் பலரும் அதில்தான் போனார்கள். வண்ணார்பண்ணையில் இருந்த வாப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய மகளின் தாலிகட்டுக்கும் அது பூமாலை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றது. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலி வந்தால், எந்த வீடாயிருந்தாலும், கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில்தான். 'எத்தினை பிள்ளையள் இந்தக் காருக்குள்ள பிறக்கப் பாத்துது தெரியுமா' என்று உம்மா சொல்வா. இதைச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. பின்னால் நடந்ததை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. கோட்டையைச் சுற்றிச் சண்டை, வானத்திலிருந்து குண்டு. மின்சாரம் போனது. பெற்றோல் தங்கத்துக்குச் சமமானது. வாப்பா காரைக் கொட்டிலுக்குள் விட்டு, நான்கு பக்கமும் கல் அடுக்கி, ரயர்கள் நிலத்தில் படாமல் உயர்த்தி நிறுத்தினார். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். மேலே இரண்டு பழைய சாறங்களையும் ஒரு படங்கையும் போட்டு மூடினார். 'சண்டை முடிஞ்சா ஒரு நாளில எடுத்துப் போடலாம்' என்றார். செப்ரெம்பர் இறுதியில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனபோது, இனி நிலைமை சற்றுத் தணியும் என்றே ஊரில் பலரும் நினைத்தார்கள்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்து மன்னார். 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்தின் முறை. ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற விடுதலைப் புலிகளின் கட்டளை அங்கேதான் சொல்லப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. போகிற வழியில் ஐந்து சந்தியில் மறித்துச் சோதித்தார்கள். நகை, பணம், பொருள், பத்திரங்கள் எல்லாம் அங்கே நின்றுவிட்டன. உடுத்த உடுப்போடும் சில நூறு ரூபாயோடும் சனம் போனது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தின் தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்களில் போய்ச் சேர்ந்தார்கள். இவை எல்லாம் இப்போது பதிவாகியுள்ள வரலாறு.

எனக்கு அப்போது பதினேழு வயது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் வாப்பா செய்தவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் விளங்கவில்லை. உம்மா பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாசலில் நின்றா. வாப்பா வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் கொட்டிலுக்குப் போனார். படங்கை விலக்கி, காரின் கதவுகளைத் திறந்து, கண்ணாடிகளை ஒரு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு வந்தார். காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்குமாம். திரும்பி வரப்போகிறவன் செய்கிற வேலை அது. பதிவுப் புத்தகத்தை உம்மாவின் பழைய சேலை ஒன்றுக்குள் சுருட்டி, கைப்பிள்ளையாயிருந்த என் தங்கச்சியின் உடுப்பு மூட்டைக்குள் வைத்தார். வீட்டு உறுதி சந்தியில் பறிபோனது. அந்தப் புத்தகம் மட்டும் எப்படியோ தப்பியது.

புத்தளத்தில் தில்லையடியில் நாங்கள் குடிசை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க் காரின் காலம் தொடங்கியது. இதன் தொழில்நுட்பம் எளிது, ஆனால் நுட்பமானது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஓடவைத்துச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் இதற்கு இணங்கும். புதிய யப்பான் கார்கள் தட்டத் தொடங்கிவிடும். ஆகவே, பெறுமதியில்லாத பழசு என்று ஒதுக்கப்பட்ட ஏ 40தான் ஒரே நாளில் குடாநாட்டின் ராசாவானது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி எண்ணெயைத் தண்ணீராக்கும். வால்வில் கரி படியும். புகை கண்ணைக் கரிக்கும்.

1993இல் கொழும்புக்கு வந்த ஒரு தமிழ்ச் சிநேகிதர் வாப்பாவைத் தேடிப் புத்தளம் வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். 'நானா, உங்கட கார் ஓடுது. நான் என்ர கண்ணால பாத்தனான். நம்பரும் மாறேல்ல.' வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எடுத்தவர் யார், எங்கே நிற்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. 'மண்ணெண்ணெய் விட்டா ஓட்டுறாங்கள்?' என்றார். சிநேகிதர் தலையாட்டினார். 'வால்வு போயிடுமே' என்று மட்டும் சொன்னார் வாப்பா. அன்றிரவு உம்மாவுக்குக் கோபம். பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை, இவருக்கு வால்வு. எனக்கும் கோபந்தான். இப்போது யோசித்தால், அந்த மனுசனுக்கு அழுவதற்குத் தெரிந்த வழி அதுதான் போலும்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ 9 பாதை திறந்தது. அதே மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், 1990 வெளியேற்றத்துக்காகப் புலிகளின் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அந்த வருடமே வாப்பாவும் நானும் ஊருக்குப் போனோம். வீட்டில் கூரை இல்லை. நிலைகளும் ஜன்னல்களும் கழற்றப்பட்டிருந்தன. கிணற்றடியில் ஒரு பெரிய வேம்பு தானாக வளர்ந்து நின்றது. கொட்டில் இருந்த இடத்தில் நான்கு அடுக்குக் கல் அப்படியே இருந்தது. நடுவில், பன்னிரண்டு வருட மழைக்கும் போகாத ஓர் எண்ணெய்க் கறை. வாப்பா குந்தியிருந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அவர் காரை வழக்கமாகத் திருத்துகிற மெக்கானிக்கின் கராஜுக்குப் போனோம். கிழவர் வாப்பாவைக் கண்டதும் கையைத் துடைக்காமலே கட்டிப்பிடித்தார். பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது.

1995 ஒக்டோபர் 30 இரவு. நாங்கள் துரத்தப்பட்டு நாளுக்கு நாள் சரியாக ஐந்து வருடம். இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேற, வலிகாமத்து மக்கள் அனைவரையும் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். இந்த முறையும் ஒலிபெருக்கிதான். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் மழையில், ஒரே இரவில், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. மெக்கானிக்கும் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறார். 'முதலாளி, செம்மணி வெளியில உங்கட காரைக் கண்டனான். ஆரோ ஒரு கிழவியையும், செலைன் ஏத்தின ஒரு பெடியனையும் உள்ளுக்க வைச்சு, எஞ்சின் ஓடேல்ல, எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு போச்சினம். நானும் கொஞ்சத் தூரம் தள்ளினனான்.' அதற்குப் பிறகு அதை அவர் காணவில்லை. வெளியில் கைவிடப்பட்ட வாகனங்களோடு அதுவும் சேர்ந்திருக்கும் என்றார்.

வாப்பா நெடுநேரம் கழித்து, 'ஆக்கள் அந்தப் பக்கம் போய்ச் சேந்தவங்களா?' என்று கேட்டார். போய்ச் சேர்ந்தார்கள் என்றார் மெக்கானிக். 'அப்ப சரி' என்றார் வாப்பா. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாப்பா சொன்ன 'அப்ப சரி'யை நான் மதிக்கிறேன். ஆனால் அது அவர் கொடுக்கிற மன்னிப்பு. அவர் கேட்காமல் வேறொருவர் எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. நள்ளிரவில் கதவைத் தட்டியிருந்தால் அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு போயிருப்பார். 1969 முதல் செய்தது அதைத்தானே. தட்டுவதற்குக் கதவும் திறப்பதற்கு ஆளும் இல்லாமற் செய்த பிறகு நடந்ததற்கு வேறு பெயர். மார்க்கச் சட்டம் அதைக் கஸ்ப் என்கிறது. எடுத்தவன் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினாலும், பொருளைத் திருப்பும் கடமை அவன் தலையில் இருந்து இறங்குவதில்லை.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். துரத்தப்பட்டவர்கள் பத்து வருடத்துக்குள் வந்து வழக்காட முடியாதே என்ற அநீதியை நீக்க, 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அது அசையாச் சொத்துக்கு மட்டும். காணிக்கும் வீட்டுக்கும் காலம் நின்று காத்திருந்தது. லொறிக்கும் காருக்கும் தையல் மெஷினுக்கும் கடைச் சாமான்களுக்கும் காலம் ஓடிக்கொண்டேயிருந்தது. அசையும் பொருளை மீட்பதற்குச் சட்டம் தரும் அவகாசம் சில வருடங்களே. அந்த வருடங்களில் நாங்கள் புத்தளத்தில் தண்ணீர் வரிசையில் நின்றோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1972 ஓகஸ்டில் உகண்டாவின் இடி அமீன் ஆசியர்களுக்குத் தொண்ணூறு நாள் தவணை கொடுத்துத் துரத்தினார். பத்து வருடத்தின் பின் அந்நாடு பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இயற்றியது. கம்பாலாவில் பலருக்குக் கட்டடங்கள் மீண்டும் கிடைத்தன. கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும், கார் நிற்காது. இதை உணர்ந்து செய்த ஒரு முயற்சியும் வரலாற்றில் உண்டு. பிரிவினைக்குப் பின், அகதிகள் விட்டுச்சென்ற அசையும் சொத்துகளுக்கென்றே இந்தியாவும் பாகிஸ்தானும் 1950 ஜூனில் தனி ஒப்பந்தம் செய்தன. எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. ஆனால் ஒருவரின் பானை சட்டியும் வண்டியும் ஒரு கணக்குக்குரியவை என்று இரண்டு பகை நாடுகள் ஒப்புக்கொண்டன. எங்கள் விடயத்தில் அதைக்கூட எவரும் செய்யவில்லை.

கணக்கெடுக்க முயன்றவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த மறைந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தாமும் துரத்தப்பட்ட சமூகத்தின் ஒருவராக நின்று, இழப்புகளை ஆவணப்படுத்தி 2001இல் நூலாகத் தந்தார். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. அவை இல்லாவிட்டால் இந்த அளவுகூட எஞ்சியிருக்காது. ஆனால் அறிக்கையில் எண்ணிக்கை இருக்கும். கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவிட்டு வந்தது இருக்காது. அதை எழுதவேண்டியவர்கள் நாம்.

2018இல் வாப்பா மௌத்தானார். சில வாரம் கழித்து நாங்கள் பிள்ளைகள் பங்கு பிரிப்பதற்கு உட்கார்ந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. புத்தளத்து வீடு, சோனகதெருக் காணி, கொஞ்சப் பணம். காக்கா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முடியும்போது தங்கச்சி உள்ளே போய், அந்தப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். அவளுடைய உடுப்பு மூட்டைக்குள் வந்த புத்தகம். அவளுக்கு அந்தக் காரின் நினைவே இல்லை. 'இதையும் எழுதுங்க' என்றாள். காக்கா, 'இல்லாத காரை எப்பிடிப் பங்கு போடுறது?' என்று கேட்டார். 'பங்கு போட வேணாம். எழுதுங்க' என்றாள்.

காக்கா எழுதினார். ஒஸ்ரின் ஏ 40, 1953, ஒன்று. பெறுமதி என்ற இடத்தை வெறுமையாக விட்டார். அந்தத் தாளில் நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்தோம்.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் காரைப் பற்றி இனி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பெருமையை எழுதுங்கள். எஞ்சினைச் சூடாக்கிய சில துளிப் பெற்றோலையும், கார்பரேற்றரில் கைவைத்த மெக்கானிக்கையும், செம்மணி வெளியில் தள்ளிய எட்டுப் பேரையும் எழுதுங்கள். அதோடு, அந்தக் கார்களில் சில எந்தக் கொட்டிலில் இருந்து வந்தன என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். எங்களிடம் பதிவுப் புத்தகம் இருக்கிறது.